தொலைபேசி மணிக்குப் பதில் பறவை

அன்புள்ள சேகர்,

நான் நலம், வீட்டில் எல்லோரும் நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா என்று எழுது. மரியாதை முடிந்தது. இனி சண்டை.

“முரசு அதிர வேண்டிய இடத்தில் கிணுகிணுவென்று மணி அடிக்கிறது. இந்த எமுலேட்டர்கள் எல்லாமே இப்படித்தான்” என்று எழுதியிருந்தாய். பழைய கணினியையும் கருவியையும் போல நடந்துகொள்ளும் நிரல்தானே எமுலேட்டர், அதை ஏன் திட்டுகிறாய்? நீ ஓட்டுவது 1989-ஆம் ஆண்டு விளையாட்டு. அதன் இசை ரோலண்ட் எம்டி-32 என்ற கருவிக்காக எழுதப்பட்டது. நீயோ அதை ஜெனரல் மிடி கருவியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்கிறாய்.

மிடி என்பது இசைக்கருவிக்கு உத்தரவு அனுப்பும் முறை. அதில் ஒலி என்று எதுவும் வருவதில்லை. இந்தச் சேனலில், இந்த எண்ணுள்ள வாத்தியத்தில், இந்தச் சுரத்தை, இவ்வளவு அழுத்தி வாசி, இப்போது நிறுத்து. இந்த உத்தரவுகள் மட்டுமே வரும். எந்த எண்ணுக்கு எந்த வாத்தியம் என்பது வாசிக்கும் கருவியின் பாடு. எம்டி-32 வந்தது 1987-இல். எல்லோரும் ஒரே பட்டியலை வைத்துக்கொள்வோம் என்று ஜெனரல் மிடி வந்தது 1991-இல். நடுவில் எழுதப்பட்ட விளையாட்டுகளுக்கு அந்தப் பட்டியல் எப்படித் தெரியும்? வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய் நம் வகுப்புப் பதிவேட்டின் எண்ணைக் கூப்பிட்டால் வேறு பையன்தான் எழுந்து நிற்பான்.

உன் முரசைத் தேடிப் பார்த்தேன். எம்டி-32 பட்டியலில் 113 என்பது டிம்பனி. ஜெனரல் மிடியில் அதே 113 ஒரு சின்னஞ்சிறு மணி. இதற்கே நொந்துகொண்டாயே, இன்னும் கேள்: எம்டி-32-இல் 124 தொலைபேசி, 125 பறவை. ஜெனரல் மிடியில் 124 பறவை, 125 தொலைபேசி. எந்தப் புண்ணியவான் இடம் மாற்றி உட்கார வைத்தானோ! 126-ஐக் கூப்பிட்டால் ஹெலிகாப்டர் வரும். ராஜகுமாரி தோட்டத்தில் உலாவும்போது ஹெலிகாப்டர் இறங்கினால் அப்போதும் எமுலேட்டரைத் திட்டாதே.

கோபியின் பேச்சைக் கேட்டு சவுண்ட்ஃபான்டுகளை, அதாவது வாத்திய ஒலிகள் அடங்கிய கோப்புகளை, மாற்றி மாற்றிப் பார்த்தாயாமே. ஜாய்ஸ்டிக் விவகாரத்துக்குப் பிறகும் அவனிடம் யோசனை கேட்கும் ஒரே ஆள் நீதான். எவ்வளவு பெரிய சவுண்ட்ஃபான்டை இறக்கினாலும் 113 மணிதான். முன்னைவிடத் தெளிவாக, இரண்டு காதிலும் அழகாகப் பரவி ஒலிக்கும் மணி.

செய்ய வேண்டியது இதுதான். நீ ஓட்டும் எமுலேட்டரான பழைய டாஸ்பாக்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு அதன் புதிய வடிவமான டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங்கை நிறுவு. ‘முண்ட்’ என்ற எம்டி-32 எமுலேட்டர் அதற்குள்ளேயே இருக்கிறது. அமைப்புக் கோப்பில் மிடிடிவைஸ் என்ற வரியில் எம்டி32 என்று எழுது. மிடி இணைப்பு அட்டைக்கான எம்பியு-401 வரியை ‘இன்டெலிஜென்ட்’ என்றே விட்டுவிடு; அந்தக் காலத்து விளையாட்டுகள் பல அந்த முறையைத்தான் எதிர்பார்க்கின்றன. கருவியின் நினைவகச் சில்லுகளிலிருந்து எடுத்த ரோம் கோப்புகள் இரண்டு வேண்டும். ஒன்று கட்டுப்பாட்டு ரோம், மற்றது ஒலித்துணுக்குகள் இருக்கும் பிசிஎம் ரோம். பதிப்புரிமை இருப்பதால் முண்ட் அவற்றைக் கூடவே கொடுப்பதில்லை. அசல் கருவி வைத்திருப்பவன் நமக்குள் யார் என்று உனக்குத் தெரியும். அவனிடம் நீயே பேசிக்கொள், என்னை இழுக்காதே. கடைசியாக, விளையாட்டின் சொந்த நிறுவல் நிரலைத் திறந்து அங்கேயும் ரோலண்டைத் தேர்ந்தெடு. பலர் இதை மறந்துவிட்டு ஒலியே வரவில்லை என்று புலம்புகிறார்கள். வெடிச்சத்தம், பேச்சு போன்றவற்றுக்கு விளையாட்டு சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டையைக் கேட்டால் முகவரி 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1 என்று சொல். டாஸ்பாக்ஸின் வழக்கமான எண்கள் அவைதான். இசை சத்தத்தை விழுங்கினால் மிக்ஸர் கட்டளையில் குறைத்துக்கொள்.

தொடங்கியதும் சில நொடி எதுவும் நடக்காதது போல இருக்கும். பதறி எஸ்கேப்பை அழுத்தாதே, உன் கை சும்மா இருக்காது என்று தெரியும். அந்த நேரத்தில்தான் விளையாட்டு தன் சொந்த வாத்தியங்களைக் கருவிக்குள் ஏற்றிக்கொண்டிருக்கும். சிஸ்எக்ஸ் என்ற தனிச் செய்திகள் மூலம் ஒலியின் குணத்தையே மாற்றி எழுதிவிட முடியும். சியரா என்ற விளையாட்டு நிறுவனத்துக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். கருவியின் முகப்பில் 20 எழுத்து கொள்ளும் ஒரு சிறு திரை இருக்கும், அதையும் விடமாட்டார்கள். ஸ்பேஸ் குவெஸ்ட் 3 தொடங்கும்போது அதில் “பக்கஸாய்டு நாணயம் போடவும்” என்று வரும். காசு போட்டு விளையாடும் இயந்திரம் என்று பாவனை. முண்டின் தனி நிரலை ஓட்டினால் அந்தத் திரையும் படமாகத் தெரியும். நான் அதைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஜெனரல் மிடி கருவிக்கு இந்தச் செய்திகள் எதுவும் புரியாது. அப்படியே கீழே போட்டுவிடும். அதனால்தான் எண்களை மட்டும் இடம் மாற்றிக்கொடுக்கும் குறுக்குவழியும் பாதிதான் பலிக்கிறது.

எம்டி-32 பெட்டிக்குள் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பாய். ஒலித்துணுக்குகள் மொத்தம் 512 கிலோபைட், அவ்வளவுதான். நினைவகம் விலையுயர்ந்த காலம். அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள். காது ஒரு வாத்தியத்தை அடையாளம் காண்பது பெரும்பாலும் ஒலி தொடங்கும் கணத்தில்தான். தந்தியை மீட்டும் நகம், குழலில் படும் முதல் மூச்சு. அந்தத் தொடக்கத்தை மட்டும் நிஜ ஒலிப்பதிவாக வைத்துக்கொண்டு, பின்னால் நீளும் பகுதியை மின்னணுவிலேயே உண்டாக்கினார்கள். ஒரு சுரத்துக்கு இப்படி ஒன்று முதல் நான்கு துண்டுகள் வரை செலவாகும். மொத்தம் 32 துண்டுகளுக்குமேல் ஒரே நேரத்தில் ஒலிக்காது. செழிப்பான வாத்தியங்களாகவே அடுக்கினால் எட்டுச் சுரத்தோடு கை விரித்துவிடும். இசையமைத்தவர்கள் இந்தச் சிக்கனத்தை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறார்கள். கிங்ஸ் குவெஸ்ட் 4 (1988) தொடக்க இசையை வில்லியம் கோல்ட்ஸ்டைன் இந்தக் கருவிக்காகத்தான் எழுதினார். கேட்டுப் பார். நாம் கணினியின் ஸ்பீக்கரில் பீப் பீப் என்று கேட்டது இதையா என்று வயிறு எரியும்.

கோபி இதற்கும் ஒரு வழி சொல்வான்: யாராவது பதிவு செய்து வைத்த இசையைக் கேட்டுக்கொள்ளலாமே என்று. கேட்கலாம். ஆனால் மங்கி ஐலண்ட் 2 (1991) வுட்டிக் ஊரில் நீ ஒரு கதவிலிருந்து இன்னொரு கதவுக்குள் நுழையும்போது மெட்டு அறுபடாமல் வாத்தியம் மட்டும் மாறுமே, அது எந்தப் பதிவில் இருக்கிறது? நீ நிற்கும் இடத்தைப் பார்த்து, தாளம் முடியும் வரை காத்திருந்து, பிறகு நழுவுகிறது. ஐம்யூஸ் என்று அதற்கென்றே ஒரு நிரலமைப்பைச் செய்தார்கள் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும். உத்தரவுகளாக இருப்பதால்தான் அப்படி வளைக்க முடிகிறது. பதிவு செய்துவிட்டால் ஒரே ஒரு ஆட்டக்காரன் ஒரே ஒரு நாள் நடந்த பாதைதான் மிஞ்சும்.

சரி, நம் பழைய வழக்குக்கு வருகிறேன். நாம் வளர்ந்தது ஆட்லிப் ஒலி அட்டையில், எனவே நமக்கு அதுதான் அசல் என்பது உன் கட்சி. நான் இத்தனை காலமாக ஒப்புக்கொண்டதில்லை. கருவியை ஆண்டையும் இசையமைத்தவரையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன். 1988 முதல் 1991 வரையிலான சியரா விளையாட்டுக்கு எம்டி-32. டூம் (1993) போன்றவற்றுக்கு ரோலண்டின் ஜெனரல் மிடி கருவியான சவுண்ட் கேன்வாஸ் எஸ்சி-55, அல்லது அதைப் போல ஒலிக்கும் நல்ல சவுண்ட்ஃபான்ட். விண்டோஸோடு வரும் மிடி ஒலிகளும் ரோலண்டிடமிருந்து வாங்கியவைதான் என்றாலும் சப்பையானவை. டியூன் (1992) ஒன்றை மட்டும் உன் கணக்கில் எழுதிக்கொள். ஆட்லிப்பின் மேம்பட்ட அட்டையான ஆட்லிப் கோல்டுக்கு முன் அதில் வேறெதுவும் நிற்காது. இதுவரை என் கட்சியில் மாற்றமில்லை.

ஆனால் ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்ப்போம் என்று ஆட்லிப்புக்கு மாற்றினேன். ஆட்லிப் அட்டையின் ஓபிஎல்2 சில்லில் மொத்தம் ஒன்பது குரல்தான். தாள முறைக்கு மாற்றினால் மூன்று குரலை விட்டுக்கொடுத்து ஐந்து தாளவாத்தியங்களை வாங்கிக்கொள்ளலாம். அதில் சிம்பலும் ஹைஹாட்டும் ஒரு ‘ஸ்ஸ்’ விளிம்போடு வருமே, மொட்டைமாடி அறையில் உன் அண்ணன் கதவைத் தட்டித் திட்டுவாரே, அந்தச் சத்தம். அது இல்லை. தாளம் இருக்கிறது, விளிம்பு இல்லை. எமுலேட்டரை நோண்டினேன், வேறு ஓபிஎல் எமுலேஷனுக்கு மாறினேன், ஹெட்போனை மாற்றினேன். பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டால், “காதைக் கீறுகிறதே அப்பா, குறையுங்கள்” என்கிறாள்.

காதுப் பரிசோதனைக்குப் போனேன். ஒலி புகாத சிறு அறை, கையில் ஒரு பொத்தான், ‘பீப்’ கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். நெடுநேரம் எதுவும் வரவில்லையே என்று உட்கார்ந்திருந்தேன். வெளியே பரிசோதனை செய்த பெண்மணி வரிசையாக அனுப்பிக்கொண்டேதான் இருந்திருக்கிறார். தாளில் இரண்டு கோடுகள் வரைந்து காட்டினார். நான்காயிரம் ஹெர்ட்ஸ் தாண்டியதும் இரண்டும் சரிகின்றன, வலது காது செங்குத்தாக. எட்டாயிரத்தோடு அந்தத் தாளே முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே இருப்பதை யாரும் சோதிக்கவே இல்லை, தேவைப்படாது என்றார்கள். வயதின் கணக்கும் ஹெட்போனின் கணக்கும் சேர்ந்தது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர். பேச்சு நன்றாகவே கேட்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. நீயும் பயந்து தொலைபேசியில் கத்தாதே.

வேடிக்கை என்னவென்றால், எம்டி-32 நொடிக்கு 32,000 ஒலி மாதிரிகள் (சாம்பிள்) என்ற வேகத்தில் ஓடுவது. அந்த வேகத்தில் பாதிவரைதான் ஒலி எட்டும், அதனால் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதில் பெரிதாக ஒன்றும் கிடையாது. அதன் அழகெல்லாம் நடுவிலும் கீழேயும்தான், அதனால் என் காதுக்கு இன்னும் கிட்டத்தட்ட முழுதாகவே கிடைக்கிறது. உன் ஆட்லிப் சில்லோ 49,716 என்ற வேகத்தில் ஓடி, தன் கூர்மையையெல்லாம் உச்சியில் வைத்திருக்கிறது. நான் இத்தனை ஆண்டு மட்டம் தட்டிய அட்டை எது என்று பார். கடைசியில் கேட்க முடியாமல் போனதும் அதுதான்.

ஆகவே உன்னிடம் ஒரு வேலை. மேலே சொன்னபடி அமைத்து முடித்ததும் ஓபிஎல்மோட் வரியில் ஓபிஎல்2 என்று எழுது, விளையாட்டின் நிறுவல் நிரலில் ஆட்லிப்பைத் தேர்ந்தெடு, நம் கப்பல் விளையாட்டின் தொடக்க இசையை ஓடவிடு. இரண்டாவது முறை மெட்டு திரும்பும்போது சிம்பல் வரும். அது எவ்வளவு நேரம் நீள்கிறது, அடுத்த அடிக்கு முன்பே நின்றுவிடுகிறதா, இல்லை அதன்மேல் ஏறிப் படிகிறதா என்று பார்த்து எழுது. என் நினைவில் ஏறிப் படிகிறது. பெண்ணிடம் கேட்டால் “ஏதோ சத்தம் வருகிறது” என்பதற்கு மேல் பொறுமை இல்லை. கோபியிடம் கேட்கமாட்டேன், காரணம் கேட்பான்.

கோபியைப் பற்றி இன்னொரு சேதி. அவனுடைய அசல் எம்டி-32 வேகமான கணினியோடு சேர்த்ததும் பிழைச்செய்தி காட்டி ஊமையாகிவிடுகிறதாம். கருவி கெட்டுவிட்டது, விற்றுவிடப் போகிறேன் என்று குதிக்கிறான். அது முதல் தலைமுறைக் கருவி. சிஸ்எக்ஸ் செய்திகளை மளமளவென்று அனுப்பினால் அதன் சிறிய நினைவகம் தாங்காது. டாஸ்பாக்ஸின் மிடிகான்ஃபிக் வரியில் டிலேசிஸ்எக்ஸ் என்று சேர்த்தால் இடைவெளி விட்டு அனுப்பும், சரியாகிவிடும். இதை அவனிடம் நீ சொல். ஆனால் ரோம் கோப்புகளைக் கேட்டு வாங்கிய பிறகு சொல்.

உடனே எழுது. சிம்பலைப் பற்றி எழுதாமல் நலம் விசாரித்து மட்டும் எழுதினால் பதில் போடமாட்டேன்.

அன்புடன்,
ராஜு

பி.கு.: விளையாட்டை விட்டு வெளியே வந்த பிறகும் ஒரு சுரம் நிற்காமல் இழுத்துக்கொண்டே இருந்தால் அது காதுக் கோளாறு அல்ல. நிறுத்து என்ற உத்தரவு போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். எமுலேட்டரை மூடித் திற.