முட்டி வலின்னு சொல்லாதப்பா

அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி,

போன வெள்ளிக்கிழமை நீ போன்ல பேசுனதுலேர்ந்து எனக்கு மனசு சரியில்ல. "அத்தா, நான் ஃபுட்பால் டீம விட்டுடலாம்னு இருக்கேன், நோன்பு ஆட்டம் ரெண்டையும் சேத்து இழுத்துட்டுப் போக முடியல"ன்னு சொன்ன. நான் அப்ப என்ன சொல்றதுன்னு தெரியாம "சரிப்பா, உன் இஷ்டம்"னு சொல்லிட்டு வச்சுட்டேன். வச்சப்புறம்தான் தோணுச்சு, இது சரியான பதில் இல்லன்னு. போன்ல பேசுனா நீ நடுவுல "சரித்தா சரித்தா"ன்னு சொல்லி முடிச்சிருவ, அதனால எழுதுறேன், பொறுமையா படி.

நீ சொன்னதுல ஒரு வரி என்னை ரொம்ப உறுத்துது. நோன்பு வச்சிருக்கேன்னு கோச்கிட்ட சொல்லல, முட்டி வலின்னு சொல்லி உக்காந்துட்டேன்னு சொன்னல்ல, அது. நோன்ப விட்டுட்டு விளையாடுனேன்னு நீ சொல்லல, அல்ஹம்துலில்லாஹ், அந்த வகையில எனக்கு நிம்மதிதான். ஆனா வச்ச நோன்ப மறைக்க ஒரு பொய் தேவைப்பட்டிருக்கு பாரு, அங்கதான் எனக்கு வலிச்சுச்சு. ஏன்னா அதே பொய்ய நானும் சொல்லியிருக்கேன்.

உனக்கு நான் இத சொன்னதே இல்ல. நான் வெளிநாட்டுல வேல பாத்த காலத்துல கம்பெனி வாலிபால் டீம்ல இருந்தேன், அது தெரியும். ஏன் விட்டேன்னு தெரியாது உனக்கு. ஆட்டம் எப்பவும் சாயங்காலம், மூணாவது செட் போய்க்கிட்டு இருக்கும்போது சூரியன் மறைஞ்சதும் தொழுற மஃரிப் வந்துரும். மஃரிபுக்கு நேரம் ரொம்ப கம்மி, தள்ளிப்போட முடியாது. நான் என்ன பண்ணுவேன்னா, கேப்டன்கிட்ட வயிறு சரியில்லன்னு சொல்லிட்டு பின்னாடி ஸ்டோர் ரூமுக்கு ஓடி, அட்டைப்பெட்டிய பிரிச்சு விரிச்சு மூணு ரக்அத் தொழுதுட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்பி வந்து நிப்பேன். தொழுகையில மனசே இருக்காது, வெளிய விசில் சத்தம் கேக்கும், யாராவது கதவ தெறந்துருவாங்களோன்னு பயம். ஒரு சீசன் முழுக்க இப்படி. கடைசியில ஃபைனலுக்கு என் பேர எடுத்துட்டாங்க, "இவன் பாதியில காணாம போயிருவான், நம்ப முடியாது"ன்னு. எனக்கு கோவம், இவங்களுக்கு நம்ம மார்க்கம் புடிக்கலன்னு நானா நெனச்சுக்கிட்டு டீமயே விட்டுட்டேன். ரொம்ப நாள் கழிச்சு அதே டீம்ல இருந்த ஒருத்தர், நம்ம மார்க்கம் இல்ல அவரு, பேச்சுவாக்குல விஷயம் தெரிஞ்சு அப்படியே பாத்தாரு என்னை. "ஏன்யா, சொல்லியிருந்தா மூணாவது செட்டுக்கு முன்னாடி பத்து நிமிஷம் விட்டிருப்போமே, நாங்க நீ எங்கள புடிக்காமத்தான் ஓடுறன்னு நெனச்சோம்"னாரு. தம்பி, இத்தன வருஷம் ஆச்சு, அந்த பத்து நிமிஷத்த கேக்காம விட்டத நெனச்சா இன்னும் எனக்கு ஆறல.

அதனாலதான் சொல்றேன், உன்னை இழுக்குறது நோன்பும் இல்ல ஃபுட்பாலும் இல்ல. ஒளிஞ்சு செய்யிறியே, அதுதான் ரெண்டு மடங்கு பாரம். சொல்லிடு. முன்கூட்டியே சொல்லிடு.

முன்கூட்டியேன்னு ஏன் அழுத்தி சொல்றேன்னா, எரிக் லிடெல்னு ஒரு ஓட்டக்காரர், ஸ்காட்லாந்துக்காரர், கிறிஸ்தவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல அவரோட 100 மீட்டர் ஹீட்ஸ், அதாவது மொத சுற்று ஓட்டம், ஞாயித்துக்கிழமை வந்துச்சு, அது ஆண்டவரோட நாள் ஓட மாட்டேன்னுட்டாரு. எல்லாரும் ஏதோ அன்னிக்கு காலையில திடீர்னு முடிவெடுத்த மாதிரி சொல்லுவாங்க, அப்படி இல்ல, அட்டவணை வந்ததும் பல மாசத்துக்கு முன்னாடியே தெரிஞ்சு அப்பவே சொல்லிட்டாரு. அதனாலதான் 400 மீட்டருக்கு பயிற்சி எடுக்க நேரம் கிடைச்சுச்சு. 47.6 செகண்ட்ல ஓடி உலக சாதனையோட தங்கம் வாங்குனாரு. ஞாயித்துக்கிழமை காலையில வயித்து வலின்னு சொல்லியிருந்தா அந்த தங்கம் ஏது?

நமக்கும் நேரம் எல்லாம் முன்னாடியே தெரியும்ல. தொழுகை நேரம் வருஷம் முழுக்கவும் இப்பவே பாத்துக்கலாம், ரமலான் பிறை பாத்து ஒரு நாள் முன்ன பின்ன ஆகும் அவ்வளவுதான். உங்க லீக் ஃபிக்ஸ்ச்சரும், மேட்ச் அட்டவணைதான், சீசன் ஆரம்பத்துலயே வந்துரும்னு சொல்லியிருக்க. ரெண்டையும் பக்கத்துல வச்சு பாரு, முட்டுற நாள் எதெதுன்னு குறிச்சுக்கிட்டு கோச்கிட்ட போ. இந்த நாலு மேட்ச்ல நான் நோன்போட இருப்பேன், முழு ஆட்டம் முடியாது, அறுபது நிமிஷம் ஆடுறேன் இல்ல ரெண்டாவது பாதியில இறக்குங்கன்னு கேளு. நிறைய அமெச்சூர் லீக்ல ஆள் மாத்தி வெளிய போனவன் திரும்பவும் உள்ள வரலாம், உங்க லீக்லயும் அப்படியான்னு பாத்துக்க, அப்படின்னா கோச்சுக்கு பெரிய கஷ்டமே இல்ல. ஒரு ஆளு எப்ப இருப்பான் எப்ப இருக்க மாட்டான்னு தெரிஞ்சா அவரு டீம் போட்டுக்குவாரு. திடீர்னு முட்டி வலின்னு நின்னா அவரால என்ன செய்ய முடியும், பாவம்.

ஒவ்வொரு வருஷமும் இந்த பேச்ச புதுசா பேசணும், ஏன்னா ரமலான் வருஷத்துக்கு பத்து பதினோரு நாள் முன்னாடி நகந்துக்கிட்டே இருக்கும். 2012ல லண்டன் ஒலிம்பிக்ஸ் அப்ப அது நடு கோடையில வந்துச்சு, அங்கெல்லாம் பகலே முடியாது, அவ்வளவு நீளம். இப்ப பிப்ரவரி மார்ச்சுக்கு வந்துருச்சு, உனக்கு பகல் சின்னது, இந்த வருஷங்கள் லேசானவைதான். 2030ல ஜனவரியில ஒண்ணு டிசம்பர்ல ஒண்ணுன்னு ரெண்டு ரமலானே வரும். மதியம் ரெண்டு மணி கிக் ஆஃப்னா ஆட்டம் முடிஞ்சு கொஞ்ச நேரத்துலயே நோன்பு திறந்துரலாம். கஷ்டம் மேட்ச் இல்ல, அந்த செவ்வாய்க்கிழமை சாயங்கால ட்ரெயினிங்தான், சரியா நோன்பு திறக்குற நேரத்துல வருது. பையில தண்ணியும் பேரீச்சம்பழமும் வச்சுக்க, ரெண்டு நிமிஷம் ஓரமா போய் திறந்துட்டு, மஃரிப தொழுதுட்டு வந்து சேந்துக்க. ரமலான் ராத்திரித் தொழுகை தராவீஹ் பள்ளிவாசல்ல ஜமாஅத்தோட கிடைக்கலன்னா ரூம்ல தொழு, அது சுன்னத்து, அதுக்காக மனசு ஒடிஞ்சு போவாத. ஃபர்ள, கட்டாயக் கடமைய, விடாத, அதுதான் முக்கியம்.

ரெண்டு நிமிஷம் கேட்டா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களான்னு நீ யோசிப்ப. 2021 ஏப்ரல்ல லெஸ்டர் சிட்டியும் கிறிஸ்டல் பேலஸும் ஆடுன மேட்ச நெனச்சுப் பாரு, ஃபுட்பால் பைத்தியம் நீ, உனக்கு தெரியாமலா இருக்கும். பிரீமியர் லீக் மேட்ச், டிவியில போவுது, சூரியன் மறைஞ்சதும் பேலஸ் கோல்கீப்பர் குவைட்டா கோல் கிக்க உடனே அடிக்காம நிறுத்துனாரு, லெஸ்டர் வீரர் வெஸ்லி ஃபோஃபானா ஓரத்துக்கு போய் நோன்பு திறந்தாரு. நிறுத்துனது எதிர் டீம் கோல்கீப்பர் தம்பி. மேட்சுக்கு முன்னாடியே ரெண்டு டீமும் ரெஃப்ரியும் பேசி வச்சிருந்தாங்க, அதுதான் விஷயம். எல்லா இடத்துலயும் இப்படி நடந்துரும்னு நான் சொல்ல வரல, பிரான்ஸ்ல 2023ல நோன்பு திறக்க ஆட்டத்த நிறுத்தக்கூடாதுன்னு ஃபுட்பால் ஃபெடரேஷனே சொல்லிருச்சு. உன் லீக்ல விதி என்னன்னு மொதல்ல கேட்டுக்க. முடியாதுன்னு சொன்னா ஹாஃப் டைம்ல திறக்குற மாதிரி பாத்துக்கலாம், இல்ல கோச்ச அந்த ரெண்டு நிமிஷம் வெளிய எடுக்க சொல்லலாம். கேக்காம இருந்தா எதுவுமே நடக்காது.

நோன்பு வச்சா ஸ்லோவாகிடுறேன், டீமுக்கு நான் பாரம்னு சொன்ன. ஆமா, கொஞ்சம் தளந்துதான் போவும், பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஹக்கீம் ஒலாஜுவான்னு ஒரு பாஸ்கட்பால் வீரர் இருந்தாரு, நைஜீரியாவுலேர்ந்து அமெரிக்கா போனவரு, உன்ன மாதிரி அந்நிய மண்ணுல. 1995ல பிப்ரவரியில ரமலான், பகல் மேட்ச்ல கூட தண்ணி தொடாம ஆடுனாரு, அந்த மாசத்தோட சிறந்த வீரர்னு அமெரிக்க பாஸ்கட்பால் லீக் என்பிஏ அவருக்குத்தான் குடுத்துச்சு. அவரு பெரிய ஆளு, நீ அந்த அளவுக்கு ஆடணும்னு இல்ல. ராத்திரி தூக்கத்த கெடுத்துக்காத, விடியறதுக்கு முன்னாடி சாப்பிடுற சஹர தவற விடாத, திறந்ததுலேர்ந்து சஹர் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா தண்ணி குடிச்சுக்கிட்டே இரு, கடுமையான ஓட்டம் எல்லாம் திறந்தப்புறம் வச்சுக்க.

இதையும் கேட்டுக்க. கண்ணு இருட்டுது, தலை சுத்துதுன்னா வீம்பு புடிக்காத, நோன்ப விட்டுட்டு தண்ணி குடி, பெறவு வேற நாள்ல வச்சு களா செஞ்சுக்கலாம். குர்ஆன்ல நோன்ப கடமையாக்குற அதே இடத்துலதான் நோயாளிக்கும் பயணிக்கும் வேற நாள்ல வச்சுக்கங்கன்னு சலுகையும் இருக்கு, அல்லாஹ் உங்களுக்கு லேசானதத்தான் நாடுறான், கஷ்டத்த நாடலன்னும் இருக்கு. ஆனா விளையாட்டு இருக்குங்குறதுக்காக மட்டும் நோன்ப விடலாமான்னா, கூடாதுன்னுதான் நான் கேட்ட மார்க்கம் படிச்ச ஹஜ்ரத்மாரெல்லாம் சொல்றாங்க, தூர ஊருக்கு மேட்ச் ஆட போறது பயணக் கணக்குல வருமான்னு அங்க உள்ள ஹஜ்ரத்கிட்ட கேட்டுக்க. தென்னாப்பிரிக்கா கிரிக்கெட் வீரர் ஹாஷிம் ஆம்லா 2012ல லண்டன் ஓவல் மைதானத்துல 311 நாட் அவுட் அடிச்சது ரமலான்லதான், பயணத்துல இருக்கேன் அதனால நோன்பு வைக்கல, திரும்பி போய் களா செய்வேன்னு வெளிப்படையா சொன்னாரு. வச்சாலும் விட்டாலும் வெளிச்சத்துல செஞ்சாரு மனுஷன். அப்ப தென்னாப்பிரிக்கா டீமுக்கு ஸ்பான்சர் பீர் கம்பெனி, அந்த லோகோ வேணாம்னு கேட்டாரு, போர்டும் ஒத்துக்கிச்சு, லோகோ இல்லாத சட்டையோட ஆடுனாரு.

குடி விஷயத்துக்கு வர்றேன், நீ ரொம்ப தயங்கித்தான் சொன்ன. மேட்ச் முடிஞ்சதும் எல்லாரும் குடிக்கப் போறாங்க, நீ மட்டும் பைய தூக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடக்குற, அவங்களுக்கு நீ திமிரு புடிச்சவன் மாதிரி தெரியுதுன்னு. நான் பழைய ஆளு, மது ஓடுற மேசையில நீ உக்கார்றது எனக்கு சம்மதமில்ல, நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் தடுத்த விஷயம் அது. ஆனா ஒரு வார்த்தை சொல்லாம நழுவுறதும் எனக்கு புடிக்கல. டிரஸ்ஸிங் ரூம்ல ஒரு கால் மணி நேரம் கூட உக்காந்து பேசு, கோல் அடிச்சவன கட்டிப்புடி, "நான் குடிக்கிற எடத்துக்கு வர்றதில்ல, என் மார்க்கம் அப்படி, ஆனா ஞாயித்துக்கிழமை எல்லாரும் என் ரூமுக்கு சாப்பிட வாங்க"ன்னு நீயே கூப்பிடு. 2022 ஜனவரியில ஆஸ்திரேலியா கிரிக்கெட் டீம் ஆஷஸ் தொடர ஜெயிச்சப்ப ஹோபார்ட் மேடையில ஷாம்பெய்ன் மதுவ பீச்சி அடிச்சதும் டீம்ல இருந்த நம்ம ஆளு உஸ்மான் கவாஜா ஒதுங்கி நின்னாரு. கேப்டன் கம்மின்ஸ் அத கவனிச்சு, பாட்டில கீழ வைங்கடான்னு சைகை காட்டி, அவர மேல கூப்பிட்டு நடுவுல நிக்க வச்சு போட்டோ எடுத்தாரு. கவாஜா ஏன் ஒதுங்குறாருன்னு கம்மின்ஸுக்கு தெரியும், அதனாலதான் கூப்பிட்டாரு. உன் கேப்டனுக்கு நீ ஏன் பஸ் ஸ்டாப்புக்கு போறன்னு தெரியாதே தம்பி.

இன்னொரு பக்கமும் இருக்கு, நீ சொல்லல, ஆனா நான் யூகிச்சுட்டேன். பள்ளிவாசல்ல நம்ம ஆளுங்களே சிலர், ரமலான்ல பந்து என்ன வேண்டிக் கெடக்கு, ஈமான் குறைஞ்சு போச்சான்னு கேட்டிருப்பாங்க. அவங்கள எதுத்து பேசாத, ஆனா மனசுல போட்டுக்காத. நாயகம் தன்னோட மனைவி ஆயிஷா அம்மாவோட ஓட்டப்பந்தயம் ஓடியிருக்காங்க, மொத தடவ அம்மா ஜெயிச்சாங்க, ரொம்ப நாள் கழிச்சு திரும்ப ஓடி நாயகம் ஜெயிச்சு, அதுக்கு இது சரியாப் போச்சுன்னு சொன்னாங்க. தினமும் நோன்பு, ராத்திரி முழுக்க தொழுகைன்னு இருந்த ஒரு தோழர கூப்பிட்டு, உன் உடம்புக்கும் உன் மேல ஹக், உரிமை இருக்குன்னு நாயகம் சொன்னாங்க. நீ அந்த நாட்டுக்கு போன மொத வருஷம் ரூமுக்குள்ளயே முடங்கிக் கெடந்த, உம்மா தினமும் அழுவா. உன்னை வெளிய கொண்டு வந்தது அந்த பந்துதான், நான் மறக்கல. அத ஹலாலா வச்சுக்க வழி இருக்கும்போது ஏன் தூக்கி எறியணும்.

சொல்லிப் பாத்தும் கோச் மூஞ்ச சுளிச்சா, மதிக்கலன்னா, அப்ப விட்டுடு, வேற டீம் பாரு, நான் ஒரு வார்த்தை தடுக்க மாட்டேன். ஆனா சொல்லிட்டு விடு. என்ன மாதிரி சொல்லாம விட்டுட்டு வராத.

வர்ற செவ்வாய்க்கிழமை ட்ரெயினிங் இருக்குல்ல, பத்து நிமிஷம் முன்னாடி போ. மொதல்ல அந்த முட்டி வலி விஷயத்துக்கு மன்னிப்பு கேளு, அது பொய்ன்னு நேரா சொல்லிடு, அதுதான் கஷ்டமா இருக்கும், அத முடிச்சுட்டா மத்தது தானா வரும். சஹர்ல எந்திரிச்சு உனக்காக துஆ செய்வேன்.

உங்க மீதி சீசன் ஃபிக்ஸ்ச்சர வாட்ஸ்அப்ல அனுப்பி வை. நான் இங்க சும்மாத்தானே உக்காந்திருக்கேன், அங்க உள்ள தொழுகை நேரத்த பாத்து ஒவ்வொரு மேட்சுக்கும் பக்கத்துல எழுதி அனுப்புறேன்.

வஸ்ஸலாம்,
அத்தா