பார்த்துவிட்டு எழுதுங்கள், டாக்டர்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

பிறப்புறுப்பில் அரிப்பு, எரிச்சல், சிவப்பு என்று வருகிறவர்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். உங்களுக்கு அது பத்தோடு பதினொன்று. வருகிறவருக்கோ அதை வாய்விட்டுச் சொல்வதே பெரும்பாடு. காய்ச்சல், வயிற்றுவலி என்று வேறு எதையோ சொல்லி ஆரம்பித்து, எழுந்து போகிற நேரத்தில் "அப்புறம் டாக்டர், இன்னொண்ணு..." என்று இழுப்பார். அவர் வந்ததே அந்த இன்னொன்றுக்காகத்தான்.

நானும் அப்படி இழுத்தவன்தான். சிவந்த திட்டு ஒன்று. வியர்த்தால் எரியும், ராத்திரியில் அரிக்கும். நான் பார்த்த முதல் டாக்டர் நாற்காலியை விட்டு எழவில்லை. "வெளியில எங்கயாவது போனீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி. இல்லை என்றேன். "சரி, சுத்தமா வெச்சுக்கங்க" என்று ஒரு ஆயின்மென்ட் எழுதிக் கொடுத்தார். திரைக்குப் பின்னால் கட்டில் இருந்தது, விளக்கும் இருந்தது. இரண்டுக்கும் வேலை வரவில்லை.

அந்த ஆயின்மென்ட் என்ன என்று உங்களுக்கே தெரியும். ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாட்டிக் மூன்றையும் ஒரே டியூபில் அடைத்தது. எந்த நோயாக இருந்தாலும் ஏதோ ஒன்று கேட்கும் என்கிற கணக்கு. சில நாளில் அரிப்பு அடங்கும். நிறுத்தினால் திரும்ப வரும். உள்ளே இருப்பது படர்தாமரை என்றால், ஸ்டீராய்டு வீக்கத்தையும் சிவப்பையும் அமுக்கிவிட, பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். வட்டமாகத் தெரிய வேண்டிய விளிம்பு கலைந்துபோகும். அடுத்து பார்க்கிற டாக்டருக்கு அது படர்தாமரை மாதிரியே தெரியாது. அதோடு, அந்த இடத்துத் தோல் கையில் இருக்கும் தோல் மாதிரி இல்லை. முன்கைத் தோலோடு ஒப்பிட்டால் விதைப்பைத் தோல் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை 42 மடங்கு உறிஞ்சுகிறது என்று ஃபெல்ட்மன், மெய்பாக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1967-லேயே அளந்து எழுதிவிட்டார்கள். இதெல்லாம் நீங்கள் படித்ததுதான். பார்க்காமல் எழுதும்போது மட்டும் எப்படி மறந்துபோகிறது?

"சுத்தமா வெச்சுக்கங்க" என்பதையும் கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர் சும்மா இருக்க மாட்டார். சோப்பு போட்டுத் தேய்ப்பார், வெந்நீரில் கழுவுவார், கிருமிநாசினி ஊற்றுவார், ஈரத் துடைப்பான் பாக்கெட் வாங்குவார். ஏற்கெனவே புண்ணாகிக் கிடக்கிற தோல் இன்னும் வறண்டு எரியும். அந்தத் துடைப்பான்களில் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்த்துவந்த மெத்தில்ஐசோதையசோலினோன் பலருக்கு ஒவ்வாமை தருகிறது என்பதால், அமெரிக்கத் தொடு ஒவ்வாமைத் தோல் மருத்துவர் சங்கம் அதை 2013-இன் 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்றே அறிவித்தது. அழுக்கால் வந்த நோய் என்று நினைத்துக் கழுவிக் கழுவியே நோயை வளர்ப்பவர்கள் உண்டு. அவர்களிடம் சோப்பை நிறுத்தச் சொல்வதுதான் வைத்தியம்.

அடுத்து அந்த ஒற்றைக் கேள்வி. பாலியல் நோய் இருக்குமோ என்று நீங்கள் கேட்கத்தான் வேண்டும், அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் கேட்கிற விதம் இருக்கிறதே! குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக் கேட்டால் உண்மை சொல்ல வேண்டியவரும் பொய்தான் சொல்வார். "இந்தத் தொந்தரவோட வர்ற எல்லார்கிட்டயும் கேட்கறதுதான்" என்று ஒரு வரி முன்னால் சொன்னால் போதும். சந்தேகம் இருந்தால் பரிசோதனை எழுதுங்கள். கொப்புளம் புதிதாக இருக்கும்போதே நீர் எடுத்து ஹெர்ப்பிஸ் வைரஸ் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகு எடுத்தால் கிருமி சிக்காமல் போகலாம். ரத்தப் பரிசோதனையை எத்தனை நாள் கழித்து எடுத்தால் நம்பலாம் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். சொல்லாவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்கு அவர் போனில் படம் படமாகத் தேடிக்கொண்டிருப்பார். பெரும்பாலானவர்களுக்கு இயல்பாகவே இருக்கிற சின்ன எண்ணெய்ச் சுரப்பிப் புள்ளிகளைப் பார்த்துக்கூட அவருக்கு உயிர் போகும்.

பெண்கள் கதை இன்னும் மோசம். அரிப்பு என்றாலே பூஞ்சை என்று முடிவுகட்டி, பஞ்சுக்குச்சியால் மாதிரி (ஸ்வாப்) எடுக்காமல், திரும்பத் திரும்ப அதே மாத்திரை. லைக்கன் ஸ்க்லெரோசஸ் என்று ஒரு நோய் இருக்கிறது. தோல் வெள்ளையாக, சுருங்கின காகிதம் போல ஆகி வெடிக்கும், ராத்திரியில் தூங்கவிடாது. விட்டுவிட்டால் அந்த உறுப்பின் வடிவமே மாறிப்போகும். சிறு பங்கினருக்குப் புற்றுநோயாகவும் மாறும். அதற்கு முதல் மருந்து க்ளோபெட்டசால் 0.05 சதவீதம், அதாவது வீரியமான ஸ்டீராய்டு. ஆகவே ஸ்டீராய்டே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பெயர் தெரிந்த நோய்க்கு, அளவும் நாளும் சொல்லிக் கொடுத்தால் அது நல்ல மருந்து.

பிறகு எனக்கு ஒரு நல்ல டாக்டர் வாய்த்தார். முதலில் நான் சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் கேட்டார். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற சுகர் மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதால் அங்கே பூஞ்சை வரலாம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். சில வலி மாத்திரைகளும் ஆன்டிபயாட்டிக்குகளும் சிலருக்கு ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் அதே இடத்தில் திட்டு போடுமாம். பிறகு விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு பார்த்தார். பார்த்துவிட்டு, "கைய நீட்டுங்க" என்றார். நகத்தில் ஊசி குத்தினது போல் குழி இருக்கிறதா என்று ஒவ்வொரு விரலாகத் திருப்பினார். காதுக்குப் பின்னால், தொப்புளில், முழங்கையில் தேடினார். செதில் செதிலாகத் தோல் உதிரும் சொரியாசிஸ் நோய் இந்த மாதிரி மடிப்புகளில் வந்தால் பெரும்பாலும் செதில் உதிராது, வெறும் பளபளப்பான சிவப்பாகத்தான் இருக்குமாம். அதனால் துப்பு வேறு இடத்தில் கிடைக்கும் என்றார். கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பூஞ்சை பார்த்தார். இல்லை.

கடைசியில் அவர் சொன்னது: "இது என்னன்னு இன்னைக்கு என்னால உறுதியா சொல்ல முடியல. தொற்று மாதிரி தெரியல. எல்லா ஆயின்மென்ட்டையும் நிறுத்துங்க, சோப்பு வேண்டாம், வெறும் வாஸ்லின் போடுங்க. ஆறு வாரத்துல போகலன்னா சின்னதா சதை எடுத்து பயாப்சி பார்த்துடலாம்." தெரியவில்லை என்று கேட்டுவிட்டு வந்த அன்றுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். அடுத்து என்ன என்பது தெரிந்துவிட்டதே.

அதனால் உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. உடன் ஒரு நர்ஸ் இருக்கட்டும், நோயாளியின் சம்மதம் கேளுங்கள், பாருங்கள். பார்க்க நேரமில்லை, தயக்கம் என்றால், மருந்து எழுதாமல் தோல் மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள். மருந்துச் சீட்டில் மருந்தின் பெயருக்கு மேலே நீங்கள் சந்தேகப்படும் நோயின் பெயரையும் எழுதுங்கள், பக்கத்தில் கேள்விக்குறி போட்டாலும் சரி. அந்த ஆயின்மென்ட்டை எத்தனை நாள் போட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பது அதற்குக் கீழே. அடுத்த டாக்டரிடம் போகும்போது எங்கள் கையில் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளிகளில் ஒருவன்