கேஸ் ஷீட்டில் ஒரு வார்த்தை

ஆசிரியருக்கு வணக்கம்.

வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பிடித்தார்கள் என்று சென்னையில் அடிக்கடி செய்தி வருகிறது. அவர்களில் நடைபாதையில் படுப்பவர், கை சீழ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தால் என்ன ஆகிறது? 30 வருடம் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள், சொல்கிறேன். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம்.

'ஊசி பார்ட்டி வந்திருக்கு' என்போம். நானும் சொல்லியிருக்கிறேன். எல்லா நோயாளிக்கும் போட வேண்டிய கையுறையை அவருக்கு மட்டும் இரண்டாகப் போட்டுக்கொண்டு, ட்ரெஸ்ஸிங்கைக் கடைசிக்குத் தள்ளுவோம். ஒரு பையனுக்கு ட்ரிப் போட நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்திவிட்டேன். "இந்தக் கையில வராது சிஸ்டர், கால்ல பாருங்க" என்றான். "அனுபவஸ்தர் சொல்றாரு, கேட்டுக்கோங்க" என்று பக்கத்திலிருந்தவர் சொல்ல, வார்டே சிரித்தது, நானும்தான். காலில்தான் கிடைத்தது.

அப்புறம் 'கூட யார் வந்திருக்கா?' யாரும் இல்லை என்றால் ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகவும் ஆள் இல்லை, ரிப்போர்ட் வாங்கி வரவும் ஆள் இல்லை.

மறுநாள் பெட் காலி. கேஸ் ஷீட்டில் 'அப்ஸ்காண்டட்', அதாவது சொல்லாமல் ஓடிவிட்டார், என்று எழுதி மூடிவிட்டு, இவனுங்களுக்குப் போதைதான் பெரிசு என்று பேசிக்கொள்வோம். ஆனால் போதை மருந்து நின்ற சில மணி நேரத்திலேயே உடம்பு முறுக்கி வலிக்கும், மூக்கில் தண்ணீர் கொட்டும், வயிறு போகும், கண் மூடாது. சீழைக் கீறிவிட்ட நாங்கள், இதற்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மனநலப் பிரிவுக்கு ஒரு போன் போட்டதில்லை. இந்த அவஸ்தையைத் தணிக்கும் பூப்ரினார்பின் என்ற மாத்திரை எச்ஐவி தடுப்புத் திட்டத்தின் மையங்களில் பல வருடமாக இலவசமாகவே கிடைக்கிறது. 2017 மனநலச் சட்டமும் போதைப் பழக்கப் பாதிப்பைச் சேர்த்துத்தான் பேசுகிறது, வீடற்றவருக்கு எந்தக் கார்டும் இல்லாவிட்டாலும் இலவச சிகிச்சை என்கிறது. வார்டில் யாரும் அதைப் படித்து நான் பார்த்ததில்லை.

அவருக்குப் போட்ட ஊசி எங்களைக் குத்திவிடும் என்ற பயம் பொய்யில்லை, அதுவும் ராத்திரி ஒரே நர்ஸ் மொத்த வார்டையும் பார்க்கும்போது. சரி, குத்தினால் எச்ஐவிக்கு 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கலாம், ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் தொற்று வந்தாலும் இன்று பெரும்பாலும் 12 வார மாத்திரையில் குணமாகிறது. அவர்கள் மேல் எங்களுக்கு இருக்கும் எரிச்சலுக்குத்தான் மருந்து தெரியவில்லை.

முதல் வேலையாக, மருத்துவமனை நிர்வாகம் 'அப்ஸ்காண்டட்' என்று எழுதும் இடத்தில், போனவருக்கு முந்தின ராத்திரி அந்த உடம்பு வலிக்கு என்ன கொடுத்தோம் என்று ஒரு வரி எழுதச் சொல்லட்டும்.

– ஓய்வு பெற்ற செவிலியர், சென்னை