கரைவலைப் பாட்டும் கையெழுத்துத் தாளும்

இராமநாதபுரம்

அன்பு மகள் கயலுக்கு,

நீ அனுப்பிய ஆய்வுத் தலைப்பைப் பார்த்தேன். ‘பதிப்புரிமைச் சட்டம் படைப்பாற்றலை வளர்க்கிறதா, முடக்குகிறதா?’ பட்டிமன்றத்துக்கு நல்ல தலைப்பு, இரண்டு அணியும் கைதட்டு வாங்கலாம். ஆய்வுக்கு ஆகாது தாயி. எந்தப் படைப்பு, எந்த ஆண்டு, யார் யாருக்கு என்ன எழுதிக் கொடுத்தார் என்று குறுக்கிக்கொண்டால்தான் உருப்படியாக ஏதாவது கிடைக்கும். ஊடகத் துறை மாணவர்கள் பலர் சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்வார்கள், ஒப்பந்தத்தைத் தொடவே மாட்டார்கள். பழைய பாட்டை யார் திரும்பப் பாடலாம், ஆவணப்படத்தில் எந்தக் காட்சி வெட்டுப்படும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது கையெழுத்தான ஒரு தாள்தான். வழக்கு வரை வருவது சொற்பம்.

நம் கரையிலிருந்தே தொடங்கு. கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டை நீ பதிவு செய்யப் போகிறாய் என்று வை. அந்த ஒரு பதிவுக்குள் குறைந்தது மூன்று உரிமைகள் இருக்கின்றன. முதலில் சொல்லும் மெட்டும். வழிவழியாக வந்தவை என்றால் அவற்றுக்கு உரிமையாளர் இல்லை, யாரும் பாடலாம். ஆனால் முன்பாட்டுக்காரர் தானே புதிதாகக் கட்டிச் சேர்த்த அடிகள் அவருடைய இலக்கியப் படைப்பு. அவர் வாழ்நாளும் அதற்கு மேல் 60 ஆண்டும் அதற்குப் பாதுகாப்பு உண்டு. அடுத்தது பாடியதற்கான நிகழ்த்துவோர் உரிமை. பாடிய ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 50 ஆண்டு. இது முன்பாட்டுக்காரருக்கு மட்டுமல்ல, பின்பாட்டுப் பாடிய அத்தனை பேருக்கும் உண்டு. மூன்றாவது ஒலிப்பதிவு, வெளியானதிலிருந்து 60 ஆண்டு. இதில்தான் பலரும் தடுமாறுவார்கள். மைக் பிடித்தவர் உரிமையாளர் இல்லை. பதிவுக்கு முன்முயற்சியும் பொறுப்பும் ஏற்றவரைத்தான் சட்டம் தயாரிப்பாளர் என்கிறது. கருவி பல்கலைக்கழகத்தினுடையது, பணம் ஏதோ ஒரு நல்கை (ஆய்வு உதவித்தொகை), அலைச்சல் உன்னுடையது என்றால் தயாரிப்பாளர் யார்? அதைத் துறையிடம் முன்கூட்டியே எழுதி வாங்கு. பதிவு முடிந்தபின் கேட்டால் பதில் வராது. படமும் எடுத்தால் அது ஒளிப்பதிவுப் படைப்பாகத் தனியாக நிற்கும்.

நாட்டார் பாட்டுதானே, பொதுச்சொத்துதானே என்று சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இரு. ஒருவர் அந்த மெட்டை எடுத்து வாத்தியம் சேர்த்து ஆல்பம் போட்டால் அவருடைய ஒலிப்பதிவுக்கும் அவர் புதிதாகச் சேர்த்ததற்கும் மட்டும்தான் உரிமை வரும், மெட்டுக்கு வராது. யூடியூபில் நடப்பது வேறு. அங்கே ஒலியோடு ஒலியை, மெட்டோடு மெட்டை ஒப்பிடுவது ஒரு நிரல். முதலில் பதிந்து வைத்த கம்பெனிக்கே பாட்டு சொந்தம் என்று அது முடிவு கட்டிவிடும். கரையில் பாடுகிறவரின் காணொளிக்கே உரிமைக் கோரிக்கை வந்து நிற்கக்கூடும். அது நீதிமன்ற முடிவு இல்லை, மறுத்து எழுதலாம். நம் சட்டத்தில் 52(1)(c) பிரிவின்படி புகார் கொடுத்தவர் 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணை கொண்டுவராவிட்டால் தளம் அந்தக் காணொளியைத் திரும்பத் திறந்துவிடலாம். பெரிய தளங்களோ பெரும்பாலும் அமெரிக்கச் சட்டத்தின் நடைமுறையைத்தான் பின்பற்றுகின்றன. இரண்டையும் குழப்பி எழுதிவிடாதே.

இனி அந்தத் தாள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவை வரி வரியாகப் படி. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்து வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நிலப்பரப்பு, எவ்வளவு பணம் எல்லாம் அதில் வர வேண்டும். ஆண்டு எழுதாமல் விட்டால் 5 ஆண்டு. நிலப்பரப்பு எழுதாமல் விட்டால் இந்தியா மட்டும். வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய, வாங்கியவர் ஒரு வருடம் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் பயன்படுத்தாத அந்த உரிமை கைவிட்டுப் போகும். உரிமத்துக்கும், அதாவது உரிமையைக் கைமாற்றாமல் பயன்படுத்த மட்டும் அனுமதிப்பதற்கும், இதே விதிகள்தான், 30A பிரிவு வழியாக. பாடகர்களுக்கு 39A. கம்பெனிக்காரர்கள் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்று அச்சடித்து வைத்திருப்பது இந்த ஓட்டைகளை அடைக்கத்தான். ‘இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது இப்போது போதாது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, கையெழுத்தின்போது புழக்கத்தில் இல்லாத ஊடகத்தைக் குறிப்பாகப் பெயர் சொல்லாவிட்டால் அது மாற்றத்தில் சேராது.

அந்தத் திருத்தம் ஏன் வந்தது என்பதற்கே ஓர் அத்தியாயம் ஒதுக்கு. 1977இல் உச்ச நீதிமன்றம், இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் எதிர் கிழக்கிந்தியத் திரைப்படச் சங்க வழக்கில், தயாரிப்பாளர் பணம் கொடுத்துப் படத்துக்கென எழுத வைத்த பாட்டின் உரிமை, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், தயாரிப்பாளருக்கே என்றது. நீதிபதி கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு எழுதி, பாடுகிறவருக்குச் சட்டத்தில் இடமே இல்லையே என்று நாடாளுமன்றத்தைத் தட்டி எழுப்பினார். பாடகருக்கு நிகழ்த்துவோர் உரிமை கிடைத்தது 1994 திருத்தத்தில். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் 2012 வரை காத்திருந்தார்கள். இப்போது ராயல்டியை, அதாவது பாட்டைப் பயன்படுத்தும்போது வரும் பங்குத் தொகையை, அவர்கள் விட்டுக்கொடுக்கவே முடியாது. வாரிசுக்கோ, ராயல்டியை வசூலித்துக் கொடுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. உரிமை வாங்கியவரோடு சம பங்கு. ஒரு விலக்கு இருக்கிறது, அதைத் தவறவிடாதே: திரையரங்கில் படத்தோடு பாட்டு ஓடுவதற்கு இந்தப் பங்கு கிடையாது. வானொலி, தொலைக்காட்சி, இணையம் எல்லாவற்றுக்கும் உண்டு. மொத்தத் தொகை வாங்கிக்கொண்டு எழுதிய தலைமுறைக்கும் பங்கு வாங்குகிற தலைமுறைக்கும் எழுத்தில் ஏதாவது வித்தியாசம் வந்திருக்கிறதா? உன் பெரிய கேள்வியை இங்கே கேட்டால் அதற்கு ஒரு பிடிமானம் கிடைக்கும்.

பழைய பாட்டைத் திரும்பப் பாடிப் பதிவு செய்ய 31C என்று ஒரு பிரிவு இருக்கிறது. முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து 5 ஆண்டு கழிய வேண்டும். முன்னறிவிப்பும் ராயல்டியும் கொடுக்க வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கு. பாட்டின் சொல்லையோ இசையையோ மாற்றக் கூடாது. கரோக்கே வைத்துப் பாடுகிற நம்மூர்ப் பிள்ளைகளுக்கு 50,000 பிரதிக் கணக்கு எட்டுமா? சட்டம் திறந்து வைத்த கதவு, நுழைவுக் கட்டணத்தால் மூடிக் கிடக்கிறது. ரீமிக்ஸ் செய்கிறவருக்கு அந்தக் கதவும் இல்லை, உரிமையாளரிடமே போக வேண்டும்.

கால அளவுக்குக் கணக்குப் போட்டுப் பழகு. நம்மூர் அப்துல் கலாம் 2015 ஜூலையில் மறைந்தார். அவர் தனியாக எழுதியவற்றுக்கு 2016 ஜனவரி 1 முதல் 60 ஆண்டு, ஆக 2075 டிசம்பர் 31 வரை உரிமை உண்டு. கூட்டாக எழுதியது என்றால் கடைசியாக மறையும் ஆசிரியரின் ஆண்டிலிருந்து எண்ண வேண்டும். புகைப்படத்துக்கு முன்பு வெளியீட்டிலிருந்து 60 ஆண்டு, 2012க்குப் பிறகு எடுத்தவரின் வாழ்நாளும் 60 ஆண்டும்.

பாரதி பாட்டு பொதுவுடைமையான விஷயத்தை எல்லாரும் பெருமையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். 1921இல் மறைந்தவரின் பாட்டை இசைத்தட்டிலும் திரையிலும் பயன்படுத்தும் உரிமை ஏவிஎம் படநிறுவனத்து ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. சென்னை மாகாண அரசு 1949இல் உரிமைகளைக் கையகப்படுத்தியது, பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது. தமிழக அரசு இன்றும் பல எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கி வாரிசுகளுக்குத் தொகை கொடுக்கிறது. வாசகருக்கு இது லாபம்தான், மலிவுப் பதிப்பு கிடைக்கும். ஆனால் பிழை மலிந்த பதிப்பும் அதே சுதந்திரத்தில் வரும், மூலபாடத்துக்குப் பொறுப்பேற்க ஆள் இருக்காது. மூல நூல் பொதுவானாலும் புதிய பதிப்பாசிரியரின் முன்னுரையும் குறிப்பும் அவருடையவை. பிடிஎப்பை அப்படியே நகலெடுக்கிறவர்கள் மாட்டிக்கொள்வது அந்த இடத்தில்தான்.

கதைத் திருட்டு பற்றி எழுதினால் உச்ச நீதிமன்றத்தின் 1978 ஆர்.ஜி. ஆனந்த் தீர்ப்பு இல்லாமல் முடியாது. கருவுக்கு உரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்கே உண்டு. எல்லை தாண்டிப் பிடிபட்ட மீனவரின் வீட்டில் மனைவி காத்திருப்பது கரு. அதை வைத்து பத்துப் பேர் பத்துப் படம் எடுக்கலாம். காட்சி வரிசையும் வசனமும் பாத்திர அமைப்பும் ஒத்துப்போய், இரண்டையும் பார்த்தவருக்கு ‘இது அதேதான்’ என்று தோன்றினால்தான் வழக்கு நிற்கும்.

அனுமதி வாங்காமல் பயன்படுத்த விடும் 52ஆம் பிரிவு விலக்குகளில் ‘30 நொடிக்குள் பயன்படுத்தினால் தப்பில்லை’ என்று எங்கும் எழுதவில்லை. நொடிக் கணக்கே சட்டத்தில் கிடையாது. எதற்காக எடுத்தாய், எவ்வளவு எடுத்தாய், உரிமையாளரின் சந்தையைக் கெடுத்தாயா என்றுதான் பார்ப்பார்கள். கல்யாண வீட்டில் பாட்டுப் போடலாம், மாப்பிள்ளை ஊர்வலம் உட்பட, அதற்குத் தனி விலக்கு உண்டு. அதே கல்யாண வீடியோவை இணையத்தில் ஏற்றினால் அந்த விலக்கு துணைக்கு வராது. கோயில், தர்கா, தேவாலயத் திருவிழாவின் சமயச் சடங்கில் பாடுவதும் விலக்குதான், நுழைவுச்சீட்டுப் போட்டு நடத்துகிற கச்சேரி அதில் சேராது. பாடத்துக்காக நூல் பகுதிகளை ஜெராக்ஸ் எடுத்துக் கட்டுவது சரி என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2016இல் ராமேஸ்வரி என்ற ஜெராக்ஸ் கடை வழக்கில் சொன்னது. கற்பிக்கும் நோக்கத்துக்குத் தேவையான அளவு என்பதுதான் வரம்பு. செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி பற்றி ஏஎன்ஐ செய்தி நிறுவனம் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ மீது 2024இல் போட்ட வழக்கைப் பார்த்து வை, ஆனால் ஆய்வை அதன்மேல் கட்டாதே. நகரும் மணலில் கால் ஊன்ற முடியாது.

சரி, எதை எடுப்பது? நம் கரையில் பதிவான முளைப்பாரிப் பாட்டு, அம்பா, ஏர்வாடிப் பக்கம் பக்கீர்கள் தாயிரா என்ற கைப்பறை அடித்துப் பாடுவது. இவற்றின் பழைய கேசட்டுகளைத் தேடு. 52A பிரிவின்படி ஒலிப்பதிவின் உறையில் தயாரித்தவர், உரிமையாளர் பெயர் முகவரியும் முதல் வெளியீட்டு ஆண்டும் இருக்க வேண்டும். 1984இல் வந்த விதி. அதனால் கேசட் உறையே உனக்கு ஆவணம். உறையில் பாடகர் பெயர் இருக்கிறதா, ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று மட்டும் இருக்கிறதா, இசையமைப்பாளர் என்று யார் பெயர் ஏறியிருக்கிறது என்று குறித்துக்கொள். பிறகு பாடியவரைத் தேடிப் போய், பணம் யார் கொடுத்தார், தாளில் கையெழுத்துப் போட்டீர்களா, நகல் இருக்கிறதா என்று கேள். 20 கேசட் போதும், 200 வேண்டாம். சென்னையில் இருக்கும்போதே உயர் நீதிமன்றத்தின் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவில் சில நாள் போய் உட்கார். 2023 முதல் அது தனியாக இயங்குகிறது.

நீயே பதிவு செய்தால் ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கட்டும், வாசித்துக் காட்டு. பாட்டுப் பட்டியல், நாள், ஊர். ஆய்வு, ஆவணக் காப்பகம், இணையம், விற்பனை ஆகிய நான்குக்கும் தனித்தனிக் கட்டம் போட்டு ஒவ்வொன்றுக்கும் சம்மதமா என்று கேள். ஆண்டையும் நிலப்பரப்பையும் காலியாக விடாதே. பாடியவர் பெயர் போடுவது 38B பிரிவுக் கடமை, அதையும் எழுது. கைநாட்டு என்றால் வீட்டார் ஒருவர் சாட்சி. சங்கத் தலைவர் ஒருவர் கையெழுத்தோடு எல்லார் சம்மதமும் வந்துவிட்டது என்று நினைக்காதே, பாடினவர் எட்டுப் பேர் என்றால் எட்டுக் கையெழுத்தும் வேண்டும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை அவர்களிடமே கொடுத்துவிடு. பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு கட்டாயமில்லை, உரிமை தானாகவே வந்துவிடும். தகராறு வந்தால் சான்றாகும் என்பதற்கு மட்டும்தான் அது.

படிவத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்கு ஒரு நகல் அனுப்பு. வலை இழுக்கிறவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் முதல் நாளே பேசிவிட்டு விடியலுக்கு முன் போ. மீன் ஏலம் நடக்கும்போது யாரும் உன்னோடு நின்று பேச மாட்டார்கள்.

அன்புடன்,
அப்பா