பலூனா, எண்டோஸ்கோப்பா: பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. கொல்லை முருங்கை இந்தக் காற்றுக்கும் தாங்கிவிட்டது. ராத்திரி படுக்கும் முன் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிடு. அடுப்புக் குமிழைத் திருப்பினால் மட்டும் போதாது.

தம்பி எதுவும் சொல்லவில்லை, அவனைக் கோபித்துக்கொள்ளாதே. போனில் வேறு எதையோ காட்டும்போது உன் சைனஸ் சி.டி. ஸ்கேன் படம் வந்துவிட்டது. சைனஸ் அடைப்புக்குப் பலூன் வைக்கிற செலவு பற்றி நீ அவனுக்கு எழுதியதும் கண்ணில் பட்டது. 31 வருஷம் காது மூக்கு தொண்டை ஆபரேஷன் தியேட்டரில் கருவி எடுத்துக் கொடுத்தவன் நான். என்னிடம் கேட்கக் கூடாது என்று உனக்கு ஏன் தோன்றியது? சரி, விடு.

படத்தில் காற்று கருப்பு, எலும்பு வெள்ளை, சளியும் வீங்கிய தோலும் சாம்பல். உனக்கு இரண்டு கன்னத்து சைனஸிலும் பாதி சாம்பல். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே தேன்கூடு மாதிரி இருக்கும் எத்மாய்டு அறைகள் அடைத்துக் கிடக்கின்றன. இடது பக்கம் சதை வளர்ந்திருப்பது போலவும் தெரிகிறது. மாத்திரை, ஸ்ப்ரே எல்லாம் முடித்த பிறகு எடுத்த படமா இது? ஜலதோஷத்தோடு எடுத்தால் யாருக்கும் அடைப்பாகத்தான் தெரியும்.

பலூன் நல்ல முறைதான். சன்னமான கம்பியை சைனஸ் வாசலில் நுழைத்து, அதன் மேல் 5 முதல் 7 மில்லிமீட்டர் பலூனை ஏற்றி, சில நொடி ஊதிச் சுருக்கி எடுப்பார்கள். வாசலைச் சுற்றியுள்ள மெல்லிய எலும்பு நெகிழ்ந்து வழி அகலும். வெட்டு கிடையாது, ரத்தம் குறைவு. கன்னம், நெற்றி, பின்னால் இருக்கும் ஸ்பீனாய்டு, இவற்றுக்கு ஒரு வாசல் இருப்பதால் சரிப்படும். எத்மாய்டில் பல அறைகள், ஊதி அகட்ட ஒற்றை வாசல் இல்லை. சதையையும் பலூன் எடுக்காது. "எத்மாய்டுக்கும் சதைக்கும் என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று டாக்டரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேள்.

எண்டோஸ்கோப் முறை என்றால் முகத்தில் தழும்பு வருமோ என்று பயப்படாதே. உள்ளே பார்க்க 4 மில்லிமீட்டர் குழாய், மூக்குத் துவாரம் வழியாகவே எல்லாம். அந்தக் காலத்தில் மேலுதட்டைத் தூக்கி, பல்லுக்கு மேலே எலும்பைத் துளைத்து, மூக்கின் அடியில் வேறு வழி விடுவார்கள். பலருக்கு நோய் திரும்ப வந்தது. ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்து டாக்டர் மெசர்க்லிங்கர் அதன் காரணத்தைக் காட்டினார்: நாம் எங்கே ஓட்டை போட்டாலும், உள்ளே இருக்கும் நுண்மயிர்கள் சளியை இயற்கை வாசலுக்குத்தான் தள்ளும். அதனால் இப்போது கொக்கி மாதிரி மறைக்கும் அன்சினேட் எலும்பை எடுத்து, இயற்கை வாசலைக் கண்டு, அதையே அகட்டுகிறார்கள். அன்சினேட்டில் ஒரு துண்டு மிஞ்சி, புது ஓட்டை இயற்கை வாசலோடு சேராமல் போனால், சளி ஒன்றில் வெளியேறி மற்றதில் உள்ளே போகும். மறு ஆபரேஷனுக்கு வருகிறவர்களிடம் அடிக்கடி பார்ப்பது இது.

கண்ணுக்கும் சைனஸுக்கும் நடுவே காகிதம் போன்ற எலும்பு, மேலே மூளையின் அடித்தளம். அதனால்தான் படத்தில் அந்தக் கூரையின் ஆழத்தை முன்கூட்டியே அளப்பார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கண் வீங்கினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, குனியும்போது ஒரு துவாரத்தில் மட்டும் தெளிந்த தண்ணீர் சொட்டினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதே. ஆஸ்பிரின், புரூஃபென் போட்டு எப்போதாவது மூச்சு இழுத்திருந்தால் முன்பே சொல்லிவிடு.

ஆபரேஷன் பாதிதான். ஒரு வாரம், பத்து நாள் மூக்கைச் சிந்தாதே, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மு. சுத்தம் செய்யக் கூப்பிட்ட நாளில் போகாவிட்டால் பக்கும் ரத்தக் கட்டியும் காய்ந்து, மூக்குக்குள் மடல் மாதிரி தொங்கும் நடு எலும்பு பக்கச் சுவரோடு ஒட்டி, திறந்த வழி மூடிவிடும். உப்புத் தண்ணீர் ஒரு லிட்டருக்கு 9 கிராம் அயோடின் இல்லாத உப்பு, சிட்டிகை சமையல் சோடா. தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரும் கேன் தண்ணீரும் அப்படியே ஆகாது, அதில் இருக்கக்கூடிய அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போகும். ஸ்ப்ரே அடிக்கும்போது வலது துவாரத்துக்கு இடது கை. முனை நடுத்தண்டைப் பார்க்காமல் காதுப் பக்கம் சாய்ந்திருக்கட்டும், இல்லையேல் தண்டு காய்ந்து ரத்தம் வரும். கொதித்து ஆறிய தண்ணீர், மறக்காதே.

ஆடி மாசம் வந்திருந்தபோது பால் அடிப்பிடித்தது. நீ அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாய். அம்மா கூடத்திலிருந்து ஓடி வந்தாள். போன் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாய். உன் கையில் போன் இல்லை.

கேஸுக்குத் தனியாக வாசனை கிடையாது, கசிவு தெரிவதற்காகவே மெர்காப்டான் கலக்கிறார்கள். அது உனக்குத் தெரியாது என்றால் ரெகுலேட்டர்தான் காவல். கசிவு அலாரம் ஒன்று வாங்கு. கேஸ் காற்றைவிடக் கனம், தரையிலிருந்து ஒரு அடியில் மாட்டச் சொல். சதை அடைத்துப் போன வாசனை என்றால் திரும்ப வாய்ப்பு உண்டு, ஆனால் யாரும் உறுதி தர முடியாது.

புனேயில் தனியாக வீடு பிடித்து, தம்பிக்கும் பணம் கட்டுகிற பிள்ளைக்கு இவ்வளவு சொல்லத் தேவையில்லைதான்.

நீ பிளஸ் டூ படிக்கும்போது அந்த மூக்குச் சொட்டு மருந்தை நான்தான் வாங்கிவந்தேன். ஐந்து நாளுக்கு மேல் கூடாது என்று எனக்குத் தெரியும். பரீட்சை முடியட்டும் என்று மாதக்கணக்கில் விட்டேன். சதை அதனால் வளர்வதில்லை, ஆனால் அடைப்பை மறைத்தது. தியேட்டரில் எத்தனை பேருக்கோ எடுத்துக் கொடுத்த நான், உன்னை ஒரு டாக்டரிடம் உட்கார வைக்கவில்லை. நீ என்னிடம் கேட்காததற்கு அதுதான் காரணமோ என்னவோ.

முழு ஸ்கேனையும் அனுப்பு, தம்பி வழியாகவே அனுப்பு. அம்மாவிடம் இன்னும் பேச்செடுக்கவில்லை. தேதி தெரிந்தால் ஒரு வார்த்தை போடு, மூன்று வாரத்துக்குத் தக்கபடி டிக்கெட் எடுக்கிறேன்.

அப்பா