கடைசிப் பக்கம் கிழியவில்லை, மச்சாள்

அன்புள்ள மச்சாளுக்கு,

புத்தகம் வந்து சேர்ந்தது. உங்கள் மகன் கல்லடிப் பாலத்தடியில் பஸ்ஸால் இறங்கி, பையோடு தந்துவிட்டுப் போனான். அன்றிரவே நீங்கள் கோல் எடுத்து, "என்ன மச்சான், கடைசிப் பக்கங்களைக் கறையான் திண்டுட்டுதா? மறுகா என்ன நடந்தது எண்டே தெரியல்ல" என்று ஏசினீர்கள். போனில் சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஒழுங்கான பதில் இது.

கறையானும் இல்லை, கிழியவும் இல்லை. 'என் சரித்திரம்' அப்படித்தான் நிற்கும். பழைய தமிழ் நூல்களைத் தேடி அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர், தன் வாழ்க்கைக் கதையான அதை 1940இல் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கினார். 1942 ஏப்ரலில் மனிதர் காலமாகிவிட்டார். கதை, மணிமேகலையைப் பதிப்பித்த 1898ஐ ஒட்டிய காலத்தோடு நின்றுபோனது. அதற்குப் பிறகு அவர் வாழ்ந்த நாற்பது வருடங்களுக்கு மேல் அதில் இல்லை. நாவலென்றால் எழுதியவரைத் திட்டலாம். இதில் யாரைத் திட்டுவது?

முன்பு நீங்கள்தான், அடுத்த வீட்டு வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிற வேலை இது என்று, நான் வாழ்க்கை வரலாறுகள் வாசிப்பதைப் பகிடி பண்ணினீர்கள். சரி, எட்டிப் பார்க்கத்தான் வாசிக்கிறேன். ஆனால் எல்லா வளவிலும் பார்க்க ஒன்றும் இருக்காது. 31ஆம் நாளுக்கு அடிக்கிற நினைவு மலர் மாதிரி எழுதின வரலாறுகள் உண்டே, பிறந்ததிலிருந்து ஒரு பிழையும் விடாமல் செத்துப்போகிற ஆட்கள், அவற்றைப் பத்துப் பக்கத்தில் மூடிவிடுவேன். தான் தலைகுனிந்த இடத்தைத் தானே எழுதுகிறவர்தான் எனக்கு வேண்டும்.

1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போன இடம் நினைவிருக்கிறதா? என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா என்று அடுக்குகிறார். முதலியார் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. பழங்காப்பியமான சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். இல்லை! அறுபது வருடம் கழித்து, தமிழுலகமே கும்பிடும் வயதில், அந்தக் கூச்சத்தை மறைக்காமல் எழுதுகிறார். அந்தப் பக்கத்தில்தான் உங்கள் மஞ்சள் விரலடையாளம் இருந்தது. கறி வைத்த கையோடு புரட்டியிருக்கிறீர்கள். கோபமில்லை, நானும் அந்த இடத்தில் சோற்றை ஆறவிட்டவன்தான்.

நீங்கள் வேகமாகத் தாண்டியிருக்கக்கூடிய இன்னோர் இடம். மாயூரத்தில் அவர் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதம் பழகினார். குரு மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை, இசையில் இறங்கினால் இலக்கியத்தில் புத்தி நிற்காது என்ற எண்ணம். பையன் சங்கீதத்தை விட்டுவிட்டான். அதே ஆள் 1892இல் சிலப்பதிகாரத்தை உரையோடு அச்சேற்றினார். அதே 1892இல்தான் உங்கள் காரைதீவில் மயில்வாகனன் பிறந்தது. பிறகு விபுலாநந்த அடிகளாகி, சிலப்பதிகாரத்தில் ஆடலும் இசையும் பேசுகிற அரங்கேற்று காதையைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்காக உழைத்து யாழ்நூல் எழுதியவர். 1947 ஜூனில் அரங்கேற்றம், ஜூலையில் மறைவு. சங்கீதத்தை விட்ட பையன் அச்சேற்றிய நூலிலிருந்து உங்கள் ஊர்ப்பிள்ளை பழைய யாழைத் தோண்டி எடுத்திருக்கிறது! இரண்டு பேரின் கதையையும் அடுத்தடுத்து வாசித்த ஒரு மழை இரவில்தான் இது எனக்குத் தட்டுப்பட்டது. அடுத்த நாள் உப்போடைப் பக்கம் சைக்கிளில் போனபோது, அடிகளின் சமாதியடியில் சும்மா இறங்கி நின்றுவிட்டு வந்தேன்.

மறுகா என்ன நடந்தது என்று கேட்டீர்களே. மாணவர் கி.வா.ஜகந்நாதன் மிச்சக் கதையை 'என் ஆசிரியப்பிரான்' என்று எழுதியிருக்கிறார். ஐயரின் குரல் அதில் இருக்காது, பக்தி கொஞ்சம் கூட. ஆனாலும் உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேதான். மகன் அடுத்தமுறை வரும்போது கொடுத்துவிடுகிறேன். பக்கத்துக்கு அடையாளமாகக் கல்முனை பஸ் டிக்கட்டே போதும், மச்சாள். போனமுறை வைத்த கறிவேப்பிலை இன்னும் தாளை விட்டு வரமாட்டேன் என்கிறது.

அன்புடன்,
கல்லடி மச்சான்