24 மணி நேரம் போதாது

தலையில் அடிபட்டு வருபவர்களை அறிவுரைத் தாளோடு வீட்டுக்கு அனுப்பும் மருத்துவமனைகளுக்கு,

வணக்கம்.

24 மணி நேரம் கூடவே இருந்து பாருங்கள், வாந்தியோ மயக்கமோ வந்தால் உடனே கூட்டிவாருங்கள் என்கிற பாணியில்தான் இந்தத் தாள்கள் பெரும்பாலும் இருக்கின்றன. தப்பில்லை. பொட்டெலும்பு உடைந்து, அதன் உட்புறம் ஓடும் தமனி கிழிந்தால், மண்டையோட்டுக்கும், மூளையைப் போர்த்தியிருக்கும் டூரா என்ற கெட்டியான உறைக்கும் நடுவே ரத்தம் வேகமாகச் சேரும். அடிபட்டவர் கொஞ்ச நேரம் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். சில மணி நேரத்தில் நினைவு தப்பும். அதற்கு இந்தத் தாள் சரி.

வயதானவர்கள் விஷயம் வேறு. டூராவுக்கு அடியில் மெதுவாக ரத்தம் தேங்கும் ‘நாள்பட்ட சப்டூரல் ரத்தக்கட்டு’ அவர்களுக்கு வரலாம். வயது ஏற ஏற மூளை சுருங்குகிறது. மூளையின் மேற்பரப்பிலிருந்து டூராவுக்குப் போகும் மெல்லிய சிரைகள் இழுபட்டு நிற்கின்றன. கதவு நிலையில் இடித்துக்கொண்டாலே ஒன்று அறுந்துவிடலாம். சிரை ரத்தம் மெதுவாகத்தான் கசியும், சுருங்கிய மூளையைச் சுற்றி அது தேங்க இடமும் உண்டு. அதனால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சிடி ஸ்கேனில்கூட எதுவும் இல்லாமல் போகலாம்.

அப்புறம் நடப்பதுதான் விசித்திரம். தேங்கியதைச் சுற்றி உடல் ஒரு சவ்வை வளர்க்கிறது. அதில் முளைக்கும் புது ரத்தக்குழாய்கள் நோஞ்சான்கள், அவையும் கசிகின்றன. ரத்தக்கட்டைக் கரைக்கும் பொருள்களும் அங்கேயே ஊறுவதால் கசிவு ஓய்வதில்லை. 1857-இல் ஜெர்மன் நோயியல் அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ இதை டூரா உறையின் அழற்சி என்றார். 1914-இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் வில்ஃப்ரட் டிராட்டர், காயத்தில் அறுந்த சிரைதான் காரணம் என்றார். இன்று பார்த்தால் இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது: தொடங்கிவைப்பது பெரும்பாலும் அடி, வளர்த்துவிடுவது அழற்சி.

இரண்டு மூன்று வாரம் கழித்து, சிலருக்கு அதற்கும் பிறகு, நடை தள்ளாடும், பேச்சு குழறும், பகலெல்லாம் தூக்கமாக வரும். வீட்டில் ‘வயசாச்சு’ என்பார்கள். மருத்துவர்களே மறதி நோய் என்று நினைப்பதுண்டு. விழுந்ததே அதற்குள் மறந்திருக்கும். இத்தனைக்கும், மண்டையோட்டில் சிறு துளையிட்டு வடித்தால் பெரும்பாலானோர் தேறிவிடுகிற நோய் இது.

ஆகவே வயதானவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், மிதமிஞ்சிக் குடிப்பவர்களுக்கும் தனியாக ஒரு தாள் கொடுங்கள். அடிபட்ட தேதியை அதில் பெரிதாக எழுதுங்கள். மூன்று மாதம் வரை எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதைக் கூட வந்தவரிடம் வாயாலும் சொல்லுங்கள். மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது, யாரைக் கேட்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்பவர்